கொருக்குப்பேட்டை கிளினிக் ஆட்களுக்கு ஒரு நன்றி

நேற்று ராத்திரி நீட் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். போட்டோ, கைரேகை, பத்தாம் வகுப்பு விவரம் என்று என்னென்னவோ கேட்டார்கள், ஒரு நோயாளியையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா என்று மட்டும் கேட்கவில்லை. 180 கேள்வி, 720 மதிப்பெண், அவ்வளவுதான் கணக்கு. அமெரிக்காவில் மருத்துவம் படிக்கப் போகிறவர்களிடம் இதைத்தான் துருவித் துருவிக் கேட்பார்களாம். இங்கே கேட்காவிட்டாலும் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிப்பேன் என்று அடம்பிடித்த என்னை ஐந்து மாதம் உள்ளே விட்டீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

டாக்டரம்மா, ஊசியைத் தொடாதே, யாருக்கும் மாத்திரை பேர் சொல்லாதே, இங்கே காதில் விழுந்தது வாசலைத் தாண்டக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். டோக்கன் கூப்பிடுவதும் எடை பார்த்து எழுதுவதும்தான் என் வேலை. எனக்கு அது போதுமாக இருந்தது.

சிஸ்டர் அக்கா, இரண்டாம் நாள் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் பிரித்ததும் நான் தலைசுற்றிச் சுவரோரம் சரிந்தேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பெரியவருக்குக் கட்டி முடித்த பிறகுதான் என்னிடம் வந்தீர்கள். அன்றைக்குக் கோபம்தான் வந்தது, இப்போது இல்லை. ஆயாம்மா, அன்று நீங்கள் வாங்கித் தந்த சோடாவுக்குக் காசு இன்னும் தரவில்லை, ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் காசிமேட்டு மீன்கார ஆயா. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை மாதாமாதம் வீட்டுக்கே வருகிறது, சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. டாக்டரம்மா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். விடியும் முன்னே ஏலத்துக்குப் போய்விடும் ஆயாவுக்குச் சோறு பதினோரு மணிக்குத்தான். வெறும் வயிற்றில் போட்டால் கண்ணைக் கட்டுகிறது என்று காலை மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டே திரிந்திருக்கிறார். சீட்டில் நேரத்தை மாற்றி எழுதினார்கள். இதை எந்த கோச்சிங் நோட்ஸிலும் நான் படிக்கவில்லை.

நைனாவுக்கும் ஒரு நன்றி. வியாசர்பாடியில் 2 ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் ஸ்டான்லியில் படித்தவர் என்று நூறு தடவை சொல்லியிருப்பார், அதனால் எனக்கும் ஸ்டான்லிதான் வேண்டும். கிடைக்குமா, பார்ப்போம்.

தேர்வு முடிந்த மறுநாள் காலையில் வந்துவிடுவேன். அதுவரைக்கும் டோக்கன் கூப்பிட வேறு ஆள் போட்டுவிடாதீர்கள்.