கடைசி நாள் மசோதாக்கள்: மகளுக்கு ஒரு கடிதம்

4 மே 2025

அன்புள்ள கயல்,

நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் போட முடியவில்லை. சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்து ஊருக்கு வந்து இறங்கியதும் இரண்டு துக்க வீடு, ஒரு கல்யாணம். நேற்று முழுக்க நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை என்ற பஞ்சாயத்து. இன்றைக்கு ஞாயிறு. உங்க அம்மா என் போனை வாங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அதனால் கையால் எழுதுகிறேன். தம்பி படம் எடுத்து அனுப்புவான்.

"கடைசி நாளில் இத்தனை மசோதா நிறைவேறியிருக்கே, ஒண்ணையாவது படிச்சீங்களாப்பா?" இதுதானே உன் கேள்வி. கேட்ட தோரணை எனக்குப் பிடித்திருந்தது. மேடையில் மாலை போடுகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படி.

மார்ச் 14-இல் நிதிநிலை அறிக்கை, மறுநாள் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை. அதன்மேல் பொது விவாதம். மார்ச் 24-இலிருந்து ஏப்ரல் 29 வரை மானியக் கோரிக்கைகள், அதாவது துறை துறையாகப் பணம் ஒதுக்கக் கேட்பதன்மேல் விவாதம். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றிரண்டு துறை வரும். துறைக்கொரு கொள்கை விளக்கக் குறிப்பு, மானியக் கோரிக்கைப் புத்தகம் என்று கட்டுக்கட்டாகக் கையில் கொடுப்பார்கள். மேசையில் கணினி வைத்து நான்கு வருஷம் ஆகிறது, ஆனாலும் காகிதம் குறையவில்லை. எம்.எல்.ஏ. விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் அடுக்கி, இடம் போதாமல் ஜன்னல் ஓரத்திலும் அடுக்கினேன். உங்க அம்மா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, பழைய பேப்பர்காரனைக் கூப்பிடட்டுமா என்றாள்.

விடியற்காலை உழவன் எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரில் இறங்குகிறவர்கள், பல்கூட விளக்காமல் நேரே சேப்பாக்கம் விடுதிக்கு வந்துவிடுவார்கள். பணியிட மாறுதல், பட்டா, ஆஸ்பத்திரியில் படுக்கை, பிள்ளைக்குக் கல்லூரி இடம். அவர்களுக்குக் காபி சொல்லி, மனுவை வாங்கி, யாருக்குப் போன் போட வேண்டுமோ போட்டுவிட்டுப் பார்த்தால் மணி ஒன்பது. அதற்குள் அன்றைய துறையின் புத்தகத்தை எங்கே படிப்பது? முதல் நாள் ராத்திரி படித்தால்தான் உண்டு.

கோட்டைக்குள் போய் உட்கார்ந்தால் பேரவைத் தலைவர் குறள் சொல்லி அவையைத் தொடங்குவார். பிறகு கேள்வி நேரம். நீங்கள் டிவியில் பார்ப்பது இதைத்தான். எங்களில் பாதிப் பேர் கேள்வி கேட்பதற்கு முன்னால் தலைவர்களைப் புகழ்ந்தே நேரத்தைத் தின்றுவிடுவார்கள், "கேள்விக்கு வாங்க" என்று பேரவைத் தலைவர் சொல்லிக்கொண்டே இருப்பார். நீ கிண்டல் செய்வது நியாயம்தான். எனக்கே கேட்டுக்கொண்டிருக்கச் சங்கடமாக இருக்கும்.

நம்ம தரைப்பாலம் விஷயம் இந்த முறை கேள்வியாக வந்தது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்று அமைச்சர் பதில் சொன்னார். துணைக் கேள்வி கேட்டேன், அதற்கும் அதே பதில். டிவியில் பார்த்தவர்களுக்கு அதோடு முடிந்தது. நான் வெளியே வந்து, அதிகாரிகள் மாடத்தில் இருந்த பொறியாளரைத் தாழ்வாரத்தில் பிடித்தேன். "சார், மதிப்பீடு எங்க நிக்குது?" அவர் அங்கேயே ஒரு போன் போட்டுக் கேட்டார். மதிப்பீடு சென்னைக்கு வரவே இல்லையாம். மாவட்டத்திலேயே, மண் பரிசோதனை அறிக்கை சேர்க்கவில்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊரில் உட்கார்ந்துகொண்டு பத்துக் கடிதம் எழுதியிருந்தாலும் இது தெரிந்திருக்காது. அவை நடக்கும் நாட்களில்தான் அமைச்சர், செயலாளர், பொறியாளர் எல்லாரும் ஒரே கட்டடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். அறிக்கை இப்போது சேர்ந்துவிட்டது. பாலம் வருமா என்று என்னைக் கேட்காதே.

சரி, மசோதாவுக்கு வருகிறேன்.

திருத்த மசோதா ஒன்றைக் கையில் வாங்கிப் பார். இன்ன சட்டத்தின் இத்தனையாவது பிரிவில், இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள் என்று மட்டும் இருக்கும். தலையும் புரியாது, வாலும் புரியாது. மூலச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து வரி வரியாகப் பொருத்தினால்தான் யாருக்கு என்ன போகிறது, யாருக்கு என்ன வருகிறது என்பது தெரியும். கடைசியில், மசோதா எதற்காக என்று அதைக் கொண்டுவருகிறவரே சொல்கிற நோக்க காரண விளக்கவுரை என்று ஒன்று இருக்கும். பல பேர் அதை மட்டும் படித்துவிட்டு மசோதாவையே படித்த மாதிரி பேசுவார்கள். கொண்டுவருகிறவர் தன் சரக்கை நல்லது என்றுதானே சொல்வார்? அதனால் நான் அதைக் கடைசியாகத்தான் படிப்பேன். முதலில் பேரவை நூலகத்துக்குப் போய் மூலச் சட்டத்தை எடுப்பேன். கேட்டதும் எடுத்துக் கொடுக்க அங்கே ஆள் இருக்கிறார்கள், வந்து கேட்கிறவர்கள்தான் குறைவு.

சின்ன மசோதாதானே என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு எனக்கு இரண்டு உதாரணம் உண்டு. ஒன்று 2021 செப்டம்பர். கொரோனாவுக்காக அவை கலைவாணர் அரங்கத்தில் நடந்துகொண்டிருந்தது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று. அவ்வளவுதான் விஷயம். உன் பெரிய அத்தை கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் நின்றே கழித்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு புடைத்திருக்கும், ராத்திரி வந்தால் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுப்பாள். அந்தப் பிரிவைப் படித்தபோது எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. சட்டம் வந்தபிறகு ஒரு கடைக்குள் போய்ப் பார்த்தேன். ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார்கள், அதன்மேல் புடவைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

இன்னொன்று 2023 ஏப்ரல். தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ. அதுவும் ஒரே ஒரு பிரிவுதான், ஆனால் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட அது வழி விட்டது. 12-ஆம் தேதி அறிமுகம், 21-ஆம் தேதி, அதாவது கூட்டத்தொடரின் கடைசி நாள், நிறைவேற்றம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. 24-ஆம் தேதி நிறுத்தி வைத்தார்கள், மே நாளில் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். நான் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. மசோதாவை ஊன்றி ஆராயும் உறுப்பினர்களின் தெரிவுக் குழுவுக்கு அனுப்பித் தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டு முன்கூட்டியே கேட்டிருந்தால் இந்தப் பத்து நாள் கூத்தே வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். நம் அவையில் மசோதா தெரிவுக் குழுவுக்குப் போவது அத்திப் பூத்த மாதிரி. அவை கூடும் நாட்களும் குறைந்துபோய்விட்டன. வருஷத்துக்கு ஐம்பது நாளைக்கூட இப்போதெல்லாம் தொடுவதில்லை. மானியக் கோரிக்கைகளுக்கே நாள் போதாமல், மசோதாக்கள் எல்லாம் கடைசியில் வந்து குவிகின்றன. குரல் வாக்கெடுப்பில் ஒன்று நிறைவேற டீ ஆறும் நேரம்கூட ஆகாது. உன் கோபம் இந்த இடத்தில் இருந்தால் நான் உன் கட்சி.

இந்த முறை நான் ஊன்றிப் படித்தது கடன் மசோதாவை. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் வசூலுக்காகச் செய்யும் அட்டூழியத்தைத் தடுக்கிற மசோதா. ஏப்ரல் 26, சனிக்கிழமை, துணை முதலமைச்சர் அறிமுகம் செய்தார். செவ்வாய்க்கிழமை நிறைவேற்றம். நடுவில் ஒரு ஞாயிறு. சனிக்கிழமை ராத்திரியே ரயில் ஏறினேன். காலையில் மாரியம்மன் கோயில் திண்ணையில் மகளிர் குழுப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து மசோதாவைப் படித்துக் காட்டினேன். பாதிப் பேர் நாற்று வேலைக்குப் போக வேண்டிய அவசரத்தில் இருந்தார்கள், இருந்தும் ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை.

மிரட்டுவது, பின்தொடர்வது, வீட்டுக்கு வந்து வந்து நிற்பது என்று வரிசையாகப் படித்தபோது ஓர் அம்மா நிறுத்தச் சொன்னார். "ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து வாசல்ல சேர் போட்டு உக்காந்துக்கிட்டு, மத்த பொம்பளைங்களையும் எழுந்து போகவிடாம வச்சிருக்கானே, அது இதுல சேருமா அண்ணே?" சேரும் என்றேன். "அப்ப எங்க குழுப் பொண்ணையே விட்டுத் திட்டச் சொல்றானே, அது?" இதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வசூல் செய்கிறவன் வாயைத் திறக்காமல், ஒருத்தி கட்டாததற்கு மற்ற ஒன்பது பேரை அவள் மேல் ஏவிவிடுகிறான். சென்னையில் உட்கார்ந்து படித்தபோது இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடன் வாங்கியவர் நெருக்கடி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டால் தற்கொலைக்குத் தூண்டியதாகவே வழக்கு என்ற பிரிவைப் படித்ததும் திண்ணை அமைதியாகிவிட்டது. போன வருஷம் நடந்ததை நினைத்துக்கொண்டார்கள். நான் மேலே படிக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பேச வாய்ப்புக் கேட்டுச் சீட்டு கொடுத்தேன். நேரம் இல்லை, கட்சிக்கு ஒருவர்தான் என்றார்கள். அந்த அம்மா கேட்டதை ஒரு தாளில் எழுதிப் பேசப்போகிறவரிடம் கொடுத்தேன். அவர் பாதியைச் சொன்னார். மீதியை விதிகள் எழுதும்போது சேர்க்கச் சொல்லித் துறைச் செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிறைவேறிய சட்டத்துக்கும் விதி வர வேண்டும், புகாரை யார் வாங்குவார், எந்தப் படிவத்தில் என்பதெல்லாம் அதில்தான் வரும்.

அதற்கும் முன்னால் ஆளுநர் கையெழுத்து இருக்கிறது. ஏப்ரல் 8 நினைவிருக்கும். அவை நடந்துகொண்டிருக்கும்போதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆளுநர் ஒப்புதல் தராமல் திருப்பியதால் 2023 நவம்பர் 18 சிறப்புக் கூட்டத்தில் நாங்கள் இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பிய பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று. முதலமைச்சர் எழுந்து அறிவித்தார், மேசை தட்டி முடியவில்லை. 11-ஆம் தேதி அரசிதழில் வந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு சட்டம் நடைமுறைக்கு வர இவ்வளவு தூரம் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறதே என்ற ஆயாசமும் இருந்தது.

சொல்ல மறந்துவிட்டேன். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் மசோதாக்களை ஏப்ரல் 16-ஆம் தேதி முதலமைச்சர் கொண்டுவந்தார் இல்லையா, அன்று ராத்திரியே நம்ம தெரு ராசு போன் போட்டான். "அண்ணே, நம்ம பேரூராட்சிக்கும் உண்டா? படிகட்டுக்குப் பக்கத்துல சாய்தளம் போட்டாத்தான் நான் உள்ளயே வர முடியும், அத முதல்ல பாருங்க." செயல் அலுவலரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது உனக்கு ஒரு வேலை. இந்த நான்கு வருஷத்தில் நம்ம தொகுதிக்கு அமைச்சர்கள் அவையில் சொன்ன பதில்களை எல்லாம் நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து எனக்கே சில இடத்தில் புரியவில்லை. "செய்யப்படும்" என்று உறுதியாகச் சொன்னது எது, "பரிசீலிக்கப்படும்" என்று நழுவியது எது என்று தேதி, துறை போட்டுக் கணினியில் அட்டவணையாகப் பிரித்துக் கொடு. உறுதியாகச் சொன்னதை மட்டும், அமைச்சர்கள் அவையில் தந்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கும் உறுதிமொழிக் குழுவில் வைத்துக் கேட்கலாம், நழுவியதைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். நோட்டைத் தம்பி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவான். அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னால் கிடைத்தால் போதும். வேலைக்குக் கூலி உங்க அம்மாவிடம் பேசிக்கொள், நான் தலையிட மாட்டேன்.

பெங்களூரில் மழை என்று சொன்னாயே, வண்டியைப் பார்த்து ஓட்டு.

அன்புடன்,
அப்பா