ஈயின் மூளையில் இரவும் பகலும்

அன்புள்ள செல்வி,

நலம். அங்கே எல்லோரும் நலமா? மகள் விலங்கியல் எடுத்துச் சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். “அத்தை இன்னும் ஈயில் என்னதான் பார்க்கிறார்கள்?” என்று கேட்டாளாமே, இதை அவளிடமும் படிக்கக் கொடு.

1971இல் கொனோப்காவும் பென்சரும் பழ ஈயில், உடலுக்குள் இரவு பகலைக் கணக்கு வைக்கும் கடிகாரத்துக்கான ‘பீரியட்’ மரபணுவைக் கண்டுபிடித்தது அவளுக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒரு மாற்றம் நேர்ந்தால் ஈயின் நாள் 19 மணி நேரமாகச் சுருங்கும், இன்னொன்றில் 28 ஆக நீளும், மூன்றாவதில் ஒழுங்கே இருக்காது. கடிகார மரபணுக்களுக்காக 2017இல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது, முதலில் வழி திறந்த அந்த இருவருமே உயிரோடு இல்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

சரி, என்னை இப்போது பிடித்து ஆட்டுவது வேறு விஷயம். ஈயின் மூளையில் நேரம் காக்கும் நரம்பணுக்களில் பக்கத்துக்கு நான்கு சின்ன அணுக்கள் உண்டு. அவற்றின் இழைகள் மூளையின் மேற்புறம் போய் முடியும். காலையில் எடுத்த மூளையில் அந்த நுனிகள் கிளை கிளையாக விரிந்து கிடக்கும். இரவில் எடுத்ததில் ஒன்றோடொன்று ஒட்டி ஒடுங்கியிருக்கும். வளர்ந்து முடிந்த ஈயில், தினம் தினம்! 2008இல் அர்ஜென்டினாவில் செரியானியின் குழு இதைக் காட்டியது.

இழைகளை ஒட்டவைப்பதில் ஃபாசிக்ளின் 2 என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. கருவில் நரம்பிழைகள் கற்றையாகச் சேர்ந்து வழி பிடித்துப் போக உதவுவதும் இதேதான். வீடு கட்டி முடிந்த பிறகும் கொத்தனார் தினம் வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள். வரச் சொல்வதும் நிறுத்துவதும் கடிகாரம். கடிகாரப் புரதங்கள் மெஃப்2 என்ற புரதத்தைத் தூண்டுகின்றன, அது ஃபாசிக்ளின் உற்பத்தியை அடக்குகிறது, ஒட்டு குறைந்ததும் இழைகள் பிரிகின்றன. அந்த மெஃப்2வும் கருவில் தசையை உருவாக்கும் புரதம்தான். ஷாகி என்று இன்னொன்று. கருவின் உடல் கண்டங்களை வகுப்பதில் கை கொடுத்த அதுவே, பின்னாளில் டைம்லெஸ் என்ற கடிகாரப் புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றிக் கடிகாரத்தின் வேகத்தை மாற்றுகிறது. வளர்ச்சி ஒரு பாடம், நடத்தை வேறொரு பாடம் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பதை இனியாவது விட வேண்டும் என்பேன்.

விடுமுறையில் அவளை ஒரு வாரம் இங்கே அனுப்பு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அவளே மூளையைப் பிரித்தெடுத்துச் சாயமேற்றிப் பார்க்கட்டும். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலம்தான், ஊசிமுனை இடுக்கி கைக்குப் பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அப்புறம், அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. பதில் போடு.

அன்புடன்,
மல்லிகா