பூசைக்கு ஆளில்லை, சரி. நன்மை கொடுக்கவாவது அனுமதி தாருங்கள்: ஆயருக்கு ஒரு கிளைக்கிராமத்தின் திறந்த மடல்

மேதகு ஆயர் அவர்களுக்கு,

தோத்திரம்.

குருக்கள் பற்றாக்குறையால், ஒரு பங்கைச் சேர்ந்த சிற்றூர்களான கிளைக்கிராமங்களில் இனி ஞாயிறு திருப்பலி கிடையாது, எல்லோரும் பங்கின் தலைமைக் கோயில் இருக்கும் தாய்ப்பங்குக்கு வர வேண்டும், மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை மட்டும் ஊரில் பூசை நடக்கும் என்ற உங்கள் சுற்றுமடல் எங்கள் கோயிலில் வாசிக்கப்பட்டது. வாசித்த நாள் நற்கருணைப் பெருவிழா. அது தற்செயல் என்றே எடுத்துக்கொண்டோம்.

காரணங்களை நீங்கள் மறுபடி விளக்க வேண்டியதில்லை. பங்குத்தந்தை ஒருவர், கிளைகள் ஐந்து. மாற்றலாகிப் போன துணைப் பங்குத்தந்தையின் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. பங்குத்தந்தை ஒருவரே ஓடி ஓடிப் பார்ப்பதை நாங்களும் பார்க்கிறோம். அவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொரு சாமியாரை அனுப்புங்கள் என்றும் கேட்கவில்லை. பூசை இல்லாத ஞாயிறுகளில் குரு அல்லாத பொதுநிலையினரான எங்கள் உபதேசியார், விவிலியம் வாசித்துச் செபிக்கும் இறைவார்த்தை வழிபாடு நடத்தி, நாங்கள் நன்மை என்று சொல்லும் நற்கருணையை வழங்க, எழுத்து மூலமாக அனுமதி கொடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

தாய்ப்பங்குக் கோயில் எங்கள் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். ஞாயிறு பூசை காலை ஏழு மணிக்கு. முதல் டவுன் பஸ் ஊருக்குள் வரும்போது அங்கே பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பே தொடங்கியிருக்கும். பைக் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் போகலாம், மற்றவர்கள்? எங்கள் அன்பியத்து (அக்கம்பக்க வீட்டார் கூடும் செபக்குழு) பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு குட்டியானை பேசினார்கள். வயதானவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியதற்காகப் போலீஸ் நிறுத்தி அபராதம் எழுதியது, அது நியாயம்தான். அப்புறமும் வேறு வழியில்லாமல் அதே வண்டியில்தான் போனார்கள். போன மாதம் கோயில் வாசலில் இறங்கும்போது ஒரு பாட்டி தவறி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து ஞாயிறு நன்மை தவறாதவர் அவர். கோயில் கூட்டிப் பெருக்கியவர், ஊருக்கு வந்த சாமிமார்களுக்கு எல்லாம் சமைத்துப் போட்டவர். இப்போது அவரை எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்கிறார் மகன். மகனை யார் குறை சொல்ல முடியும்? மாதம் ஒரு வியாழக்கிழமை நன்மை வாங்கினால் போதாதா என்று அந்தப் பாட்டியிடம் யாராவது நேரில் வந்து சொல்லட்டும். எங்களால் சொல்ல முடியவில்லை.

சட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. குரு இல்லாத இடத்தில் மக்கள் இறைவார்த்தை வழிபாட்டில் கலந்துகொள்வதைத் திருச்சபைச் சட்டம் 1248 வலியுறுத்திச் சொல்கிறது. திருப்பணியாளர் இல்லாதபோது பொதுநிலையினர் நற்கருணை வழங்கலாம் என்கிறது சட்டம் 230. குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கென்றே 1988இல் வத்திக்கான் தனியாக நெறிமுறை வெளியிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் உபதேசியார் பணியை ஒரு திருப்பணியாகவே ஏற்படுத்தினார். குருக்கள் குறைந்துபோன ஜெர்மனியில், எஸ்ஸன் மறைமாவட்டத்தில், ஞானஸ்நானம் கொடுக்கவே பொதுநிலையினருக்கு அதிகாரம் அளித்தார் அங்குள்ள ஆயர். அது 2022இல் நடந்தது, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாங்கள் கேட்பது அந்த அளவுக்குக்கூட இல்லை.

இதைப் பேசினால், பல பங்குகள் சேர்ந்த மறைவட்டக் கூட்டத்தில் கிடைக்கிற பதில்: “பழகிவிடுவார்கள், பூசை வேண்டாம் என்றாகிவிடும்.” அந்தக் கவலை 1988 நெறிமுறையிலேயே இருக்கிறது. திருப்பலி வேறு, இது வேறு என்று முதன்முதலாக நன்மை வாங்கும் எங்கள் ஊர்ப் புதுநன்மைப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்குப் பழகிக்கொண்டு வருகிறார்களே, அதை யார் கவனிக்கிறார்கள்? ஞாயிறு காலை ஆண்கள் டீக்கடையில் இருக்கிறார்கள். சிலர் செல்போனில் பூசை பார்த்துக் கடமையை முடிக்கிறார்கள். பக்கத்துத் தெரு ஜெபவீட்டிலிருந்து வீட்டு வாசலுக்கே வேன் வருகிறது. நம் ஆட்கள் ஏறிப் போகிறார்கள்.

மறைபரப்ப 1542இல் இந்தியா வந்த புனித சவேரியாரும் பற்றாக்குறையோடுதான் வந்தார். முத்துக்குளித்துறையில் ஊர் ஊராகப் போன மனிதர், எந்த ஊரிலும் தங்க முடியாமல், ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை வைத்துவிட்டுப் போனார். செபம் சொல்லிக் கொடுப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்களின் சம்பளத்துக்காக, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தையே கேட்டு வாங்கினார். எங்கள் உபதேசியாரின் மாதச் சம்பளத்தை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதுவும் கோயில் வரி வசூலானால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பற்றாக்குறை எங்கே என்று எங்களுக்குச் சில நேரம் புரிவதில்லை. பள்ளிக்கூடத் தாளாளர் சாமியார், கல்லூரிப் பொருளாளர் சாமியார், அச்சகத்தைப் பார்ப்பவரும் சாமியார். கணக்குப் பார்க்கவா குருப்பட்டம் கொடுத்தீர்கள்? மரியன்னை திருவிழாவில் கூட்டுத்திருப்பலிக்கு வந்த குருக்கள் பீடத்தில் இடம் போதாமல் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போன நம் மறைமாவட்டக் குருக்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதுகூட, கிளைக்கிராமத்தில் ஒரு ஞாயிறு பூசை வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கட்டடத் திறப்பு விழாவுக்கு மட்டும்... சரி, விடுங்கள். கோபத்தில் கேட்க வந்ததை விட்டுப் பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்பதில் செலவு இல்லை. எங்கள் கோயிலில் நற்கருணையை வைத்துப் பாதுகாக்கும் பேழைகூட வேண்டாம். உபதேசியார் ஞாயிறு காலை ஏழு மணிப் பூசைக்குத் தாய்ப்பங்குக்குத்தான் போகிறார். பூசை முடிந்ததும் பங்குத்தந்தை கையால் நற்கருணையைப் பெற்று நேராகப் பைக்கில் ஊருக்கு வந்தால், ஒன்பது மணிக்கு வழிபாடு தொடங்கிவிடலாம். முடிந்ததும் நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கும் கொண்டு போகலாம். இதற்குப் பயிற்சி வேண்டுமென்றால் எந்த மையத்துக்குச் சொன்னாலும் வருவார். வேறு நிபந்தனைகள் இருந்தாலும் எழுதுங்கள், கேட்டு நடக்கிறோம். வாய்மொழியாக “பார்க்கலாம்” என்பது மட்டும் வேண்டாம். அந்தப் பதில் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது.

உபதேசியார் பெயரையும், அவருக்கு முடியாத நாளில் பொறுப்பேற்க மறைக்கல்வி ஆசிரியை ஒருவரின் பெயரையும் பங்குப் பேரவைத் தீர்மானத்தோடு பங்குத்தந்தை வழியாக ஆயர் இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பங்குத்தந்தையும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முன் அனுமதிக் கடிதம் தந்து உதவுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். ஆசியுரை எதுவும் தேவையில்லை, கையொப்பமிட்ட ஒரே ஒரு பக்கம் போதும்.

இப்படிக்கு,
கிளைக்கிராம இறைமக்கள் சார்பில்,
பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர்