வெள்ளை மரம் வைக்கும் முன்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தில் கொல்லைப்பக்க மரத்தின் வெள்ளைத் தண்டு மட்டும்தான் தெரிகிறது. அதை வைத்து, பட்டை உரியும் பிர்ச் மரம்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்பென் மரமும் இப்படித்தான் வெளுத்திருக்கும், ஆனால் அதன் இலைக்காம்பு தட்டை, லேசான காற்றுக்கே இலை படபடக்கும். கிட்டே போய்ப் பார். பட்டையில் குறுக்காகச் சின்னக் கோடுகள் ஓடி, தாள் தாளாக உரிந்தால் காகித பிர்ச். இங்கே மினசோட்டா மாநில டுலூத்தில் ஏரிப்பக்கம் முழுக்க நிற்பது அதுதான். கிளை நுனிகள் தொங்கி, அடிமரம் கறுத்து வெடித்திருந்தால் ஐரோப்பிய வெள்ளை பிர்ச். பார்க்கும் ஆசையில் பட்டையை உரித்துவிடாதே. உரித்த இடம் கறுத்துத் தழும்பாகிவிடும். குழந்தைகளிடமும் சொல்லி வை.

அப்புறம் உச்சியைப் பார். மேல்கிளைகள் இலையில்லாமல் காய்ந்திருந்து, தண்டில் ஆங்கில 'D' எழுத்து வடிவில் சின்ன ஓட்டைகள் தெரிந்தால், வெண்கல நிறத் துளைப்பான் வண்டு வந்துவிட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் சுரங்கம் போட்டு மரத்தின் உணவு ஓட்டத்தையே அறுத்துவிடும். வெயிலிலும் வறட்சியிலும் வாடிய மரத்தைத்தான் அது தேடிப் பிடிக்கும். பாதி மரம் போயிருந்தால் மருந்துக்குக் காசு செலவழிக்காதே.

முன்வாசலில் புதிதாக ஒரு வெள்ளை பிர்ச் வைக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். எனக்கு இவ்வளவு பிடித்த மரம் என்பதால்தான் கறாராகச் சொல்கிறேன். ஜூலை சராசரி 21 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊரில் காகித பிர்ச் நெடுநாள் நிற்காது. உங்கள் செயின்ட் லூயிஸில் அந்தச் சராசரி 27 பக்கம் போகிறது. உங்கள் ஊருக்கு ஆற்று பிர்ச்தான் சரி. தண்டு பால்வெள்ளையாக இராது, இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்து சுருள் சுருளாக உரியும். அந்த வண்டு அதை அவ்வளவாக அண்டாது. அதில் 'ஹெரிடேஜ்' என்ற ரகத்தைக் கேட்டு வாங்கு. ஏர்ல் கல்லி என்ற நாற்றுப்பண்ணைக்காரர் உங்கள் செயின்ட் லூயிஸ் புறநகரில்தான் அதைக் கண்டெடுத்தார்.

எந்த பிர்ச்சானாலும் வேர் மேலாகவே ஓடும். தலைக்கு வெயில் வேண்டும், வேருக்குக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும். அதனால் தெற்கு, மேற்குச் சுவர்ப் பக்கம் வேண்டாம். பிற்பகல் நிழல் விழும் கிழக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வை. அடியில் புல் வளர்க்காமல் மரச்சீவலை 7 செ.மீ. உயரத்துக்குப் பரப்பு, ஆனால் தண்டைத் தொடக்கூடாது. மழையில்லாத வாரங்களில் குழாயை மெதுவாகத் திறந்து, ஆழம்வரை நனையவிடு. மே முதல் ஆகஸ்ட் வரை வண்டு பறக்கும் காலம், அப்போது கிளை வெட்டாதே. மாப்பிள்ளைக்குக் கத்தரி எடுத்தால் கை நிற்காது, அவரிடம் நீயே சொல்லிவிடு.

ஒன்றுதான் எனக்குக் கவலை. வீட்டை ஒட்டிய மண்ணில் சிமெண்டின் சுண்ணாம்பு இறங்கியிருக்கும். காரமண்ணில் ஆற்று பிர்ச்சுக்கு இரும்புச்சத்து கிடைக்காமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை மஞ்சளாகிவிடும். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடு. மண்ணின் புளிப்பு-கார அளவான பிஎச் 6.5-க்குள் இருந்தால் தைரியமாக வாங்கலாம். முடிவு வந்ததும் எனக்கு அனுப்பு, அதுவரை நர்சரிப் பக்கம் போகாதே.

அன்புடன்,
அம்மா