25 கிலோ தாங்கும் என்று எழுதி விற்ற கேரியர் ஏழே வாரத்தில் உடைந்தது குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கன்னங்குறிச்சி, சேலம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: சைக்கிள் பின் கேரியரின் இடது கால் உடைந்தது. வாரண்டி மறுக்கப்பட்டது. உங்கள் ஊழியர் அவமதித்தது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு அனுப்பும் நான்காவது கடிதம். முதல் மூன்றும் மின்னஞ்சலில் வந்தவை. மூன்றுக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. பதினொரு முறை போன் செய்துவிட்டேன், நான்கு முறை நேரில் நடந்துவிட்டேன். இனி நடக்கக் காலில் தெம்பு இல்லை. அதனால்தான் இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து ஒருவராவது முழுசாகப் படியுங்கள்.

நான் இட்லி மாவு அரைத்து வீடு வீடாகப் போடுகிறவள். கன்னங்குறிச்சியில் தொடங்கி சின்னத்திருப்பதி, கோரிமேடு, ஃபேர்லேண்ட்ஸ் வரை ஏழு வருஷமாகப் போடுகிறேன். கடந்த ஆனியில் ஐந்து ரோட்டில் உள்ள உங்கள் டீலரிடம் அந்தக் கறுப்புக் கேரியரை 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். எந்த மாடல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல் தட்டில் நான்கு நீள ஓட்டை, அடியில் இரண்டு கால், கால் நுனியைத் தட்டி நசுக்கி ஓட்டை போட்டிருக்குமே, அதேதான். தட்டின் மேலேயே "25 கிலோ" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அது வந்த அட்டையிலோ பெட்டி, கூடை, பை எதை வேண்டுமானாலும் பொருத்தலாம் என்று எழுதி, ஒரு மரப்பெட்டி படத்தையும் போட்டிருக்கிறீர்கள். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கோரிமேடு தாண்டி ஏற்காடு மெயின் ரோட்டில், அந்தக் கேரியரின் இடது கால் பட்டென்று உடைந்தது. சனிக்கிழமை என்றால் அந்த ரோட்டில் மலை ஏறுகிற கார்கள் எப்படி வரும் என்று சேலத்துக்காரர்களைக் கேளுங்கள். பெட்டி இடது பக்கம் சரிந்து பின் சக்கரத்துக் கம்பிக்குள் மாட்டியது. நான் வலது பக்கம் விழுந்தேன். பின்னால் வந்த வேன்காரர் பிரேக் போட்டதால்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பதினெட்டு பாக்கெட்டில் பதினான்கு ரோட்டோடு போச்சு. கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரம் அது. எந்த வீட்டிலும் விருந்தாளி இருக்கிற வாரம்.

இதற்கு உங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொல்கிறார்கள்: "வீட்டில் செய்த பெட்டியை மாட்டியதால் உடைந்தது, அதனால் வாரண்டி கிடையாது." அந்தப் பெட்டி எப்படிச் செய்யப்பட்டது என்று ஒருவர்கூட கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

செய்தவர் என் அப்பா. நாற்பது வருஷம் மர வேலை பார்த்தவர். கதவு, ஜன்னல், கட்டில் என்று இந்த ஊரில் அவர் கை படாத தெரு குறைவு. இப்போது கண் சரியில்லை, கை இருக்கிறது. அடிப்பலகை 9 மில்லி பிளைவுட். பக்கங்களுக்குப் பழைய கட்டிலில் இருந்து எடுத்த தேக்கு ரீப்பர். அடியில் குறுக்காக இரண்டு கட்டை வைத்து, அவை உங்கள் கேரியரின் இரண்டு பக்கக் கம்பிகளையும் உள்ளிருந்து அணைத்துப் பிடிக்கும்படி செதுக்கினார். போல்ட் தளர்ந்தாலும் பெட்டி பக்கவாட்டில் நகரக் கூடாது என்பதற்காக. நீங்கள் கொடுத்த நான்கு ஓட்டையிலும் நான்கு போல்ட். அகல வாஷர், அதிர்வில் கழலாத நைலாக் நட்டு. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் பழைய டியூபை வெட்டிப் போட்டார். பாரம் பின் சக்கர அச்சுக்குப் பின்னால் போனால் முன் சக்கரம் இலேசாகி ஹேண்டில் ஆடும் என்று, பெட்டியை இரண்டு விரக்கடை சீட்டுப் பக்கம் தள்ளி வைத்தார். அப்படித் தள்ளும்போது மிதிக்கிற குதிகால் பெட்டியில் இடிக்கிறதா என்று என்னைச் சைக்கிளில் உட்கார வைத்து மூன்று முறை பார்த்தார். கழுவினால் தண்ணீர் வடிய அடியில் ஐந்து துளை. இவ்வளவு யோசித்து உங்கள் கம்பெனியில் யாராவது அந்தக் காலைச் செய்திருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேன்.

எடையும் சொல்கிறேன். அரிசிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். பெட்டி போல்ட்டோடு சேர்த்து 3 கிலோ 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் பதினெட்டு. மொத்தம் 21 கிலோ 600 கிராம். உங்கள் 25 கிலோவுக்கு இன்னும் 3 கிலோ 400 கிராம் மிச்சம் இருக்கிறது. பத்தொன்பதாவது பாக்கெட்டை ஒருநாளும் நான் ஏற்றியதில்லை. அப்பா விடமாட்டார்.

போனில் பேசியவர் இதைக் கேட்டுவிட்டு, "மேடம், அது நின்னுட்டு இருக்கும்போது 25 கிலோ, ஓடும்போது குதிக்கும்ல, அப்போ எடை ஜாஸ்தியாகும்" என்றார். சைக்கிள் கேரியர் ஓடுவதற்குத்தானே? நின்றுகொண்டே பாரம் சுமக்க எனக்குக் கேரியர் எதற்கு, திண்ணை போதுமே. பள்ளத்தில் இறங்கும்போது பாரம் கூடும் என்பது உண்மைதான். அதையும் கணக்குப் போட்டுத்தானே 25 என்று அச்சடிக்க வேண்டும்? சேலத்து ரோட்டில் பள்ளம் இருக்கும் என்று தெரியாமலா சேலத்தில் விற்றீர்கள்?

அந்த ஆளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. ஆடி கடைசி வெள்ளியன்று மதியம் பன்னிரண்டரை மணிக்குப் பேசினார். உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். அவர் சொன்ன வார்த்தைகள் இவை: "வீட்டுல கிடந்த தட்டுமுட்டு சாமானை வச்சுப் பொட்டி அடிச்சு மாட்டுனா நாங்க என்ன பண்ண முடியும்? மாவு விக்கிறதுக்கு ஒரு மொபெட் வாங்கிக்க வேண்டியதுதானே?" ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய், விழுந்ததில் ஓரம் பெயர்ந்த அந்தப் பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம், "கண்ணு, நான்தான் தப்பா மாட்டிட்டனா?" என்று கேட்டார். நாற்பது வருஷத்தில் அவர் செய்த எந்தச் சாமானையும் யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அந்தக் கேள்வியை அவர் வாயில் வரவைத்ததற்கு உங்கள் கம்பெனி என்ன விலை கொடுக்கும்?

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன். மன்னிக்கவும். டீலர் கடையில் இருக்கிற தம்பி நல்ல பையன், அவனைக் குறை சொல்லவில்லை. "அக்கா, கம்பெனிதான் மாத்தித் தரணும், நான் எழுதிப் போடுறேன்" என்று எழுதியும் போட்டான். கொண்டலாம்பட்டி சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னதும் அவன் இல்லை, உங்கள் தலைமை அலுவலகம்தான்.

அந்தக் கொண்டலாம்பட்டிக் கதையையும் கேளுங்கள். முதலில் கழற்றிய கேரியரை மட்டும் பையில் போட்டு, இரண்டு பஸ் மாறி எடுத்துக்கொண்டு போனேன். "சைக்கிள்ல மாட்டியிருக்கிற மாதிரியே பார்க்கணும், சைக்கிளோட கொண்டாங்க" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். உடைந்த கேரியரைத் திரும்ப மாட்டி, பெட்டியையும் வைத்து, ஒரு குட்டி யானை பிடித்து, 600 ரூபாய் வாடகை கொடுத்து, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனேன். போகும் முன் போன் செய்து கேட்டேன், வரச் சொன்னார்கள். அங்கே போனால் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். சைக்கிளை வண்டியில் இருந்து இறக்கக்கூட விடவில்லை. "கேரியருக்கு எதுக்கு சைக்கிள்? கழட்டிக் கொண்டாந்திருக்கலாம்ல? இன்ஸ்பெக்ஷன் பண்றவரு லீவு" என்றார். டிரைவர் அண்ணனுக்கே முகம் சுருங்கிவிட்டது. திரும்பி வர அவர் பாதி வாடகைதான் வாங்கிக்கொண்டார். வழியில் போகிற மனிதருக்கு இருக்கிற இரக்கம் உங்களுக்கு இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கால் உடைந்த இடம் பெட்டிக்குப் பக்கத்தில் இல்லை. அச்சுக்கு மேலே, குழாயை நசுக்கிப் பட்டையாக்கி வளைத்திருக்கிறீர்களே, அந்த வளைவில். உடைந்த முகத்தை அப்பா வெயிலில் வைத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், நானும் பார்த்தேன். முக்கால்வாசி இடம் சாம்பல் நிறத்தில் பளபளவென்று புது உடைசலாக இருக்கிறது. மீதிக் கால்வாசியில், வெளி விளிம்பை ஒட்டி, கறுப்புப் பெயின்ட் இருக்கிறது. உங்கள் பெயின்ட். உடைந்த இரும்புக்குள் பெயின்ட் எப்படிப் போகும்? பெயின்ட் அடிக்கும்போதே அங்கே விரிசல் இருந்திருந்தால்தான் போகும். நசுக்கி வளைத்தபோதே இரும்பு வெடித்திருக்கிறது. அதை யாரும் பார்க்காமல் பெயின்ட்டால் மூடி, அட்டையில் போட்டு விற்றிருக்கிறீர்கள். ஏழு வாரம் ரோட்டில் அதிர அதிர விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடி, அன்று காலை முழுசாக விட்டிருக்கிறது. வலது காலில் அதே பாரம், அதே பெட்டி, அதே ரோடு. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டிதான் காரணம் என்றால் அது ஏன் நிற்கிறது?

இரண்டு போட்டோ எடுத்து மூன்று மின்னஞ்சலிலும் அனுப்பினேன். ஒருவராவது திறந்து பார்த்தீர்களா?

இதில் என் கவலை எனக்காக மட்டும் இல்லை. தட்டின் அடியில் பேட்ச் எண் குத்தியிருக்கிறது. அதே பேட்சில் வந்த கேரியர்கள் இன்னும் எத்தனை சைக்கிளில் ஓடுகின்றன? கேரியரில் ஆள் உட்காரக் கூடாது என்று நீங்கள் எழுதியிருக்கலாம். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அஸ்தம்பட்டி பக்கம் வந்து நின்று பாருங்கள், தங்கச்சியை வைத்து மிதிக்கிற அண்ணன்கள் எத்தனை பேர் என்று தெரியும்.

அஸ்தம்பட்டியில் வெல்டிங் பட்டறைக்காரர் 80 ரூபாயில் பற்றவைத்துத் தருகிறேன் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பற்றவைத்தால் விரிசலும் பெயின்ட்டும் அழிந்துபோகும். அதனால் இரண்டு மாதமாக இரண்டு கையிலும் ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போடுகிறேன். ஃபேர்லேண்ட்ஸ் போய்ச் சேருவதற்குள் மாவு பொங்கிவிடுகிறது. எட்டு வீடு நின்றுவிட்டது. ஒரு வீட்டுக்கு வாரம் மூன்று பாக்கெட், பாக்கெட் 60 ரூபாய். வருஷத்துக்கு 74,880 ரூபாய் ஆகிறது. பத்து வருஷம் வாங்கியிருப்பார்கள், வாங்கக்கூடியவர்கள்தான். ஏழரை லட்சம் ரூபாய்! 1,650 ரூபாய்க் கேரியரால் என் பிழைப்பே போய்விட்டது. உங்கள் கம்பெனியையே எழுதிக் கொடுத்தாலும் இது சரியாகாது.

"கம்பெனிக் கூடையை மாட்டியிருந்தால் வாரண்டி உண்டு" என்றும் ஒருவர் சொன்னார். கூடை 2,900 ரூபாய். கேரியரை விடக் கூடைக்கு விலை அதிகம். அதையாவது வாங்கலாம் என்று கேட்டால் ஸ்டாக் இல்லையாம். இல்லாத கூடையை மாட்டாதது என் குற்றமா? அட்டையில் எங்காவது இந்த நிபந்தனை இருந்தால் கோடு போட்டுக் காட்டுங்கள், நான் பேசாமல் போகிறேன்.

பணிவாகக் கேட்கிறேன். அந்தக் கேரியரை உங்கள் பொறியாளர் ஒருவர் என் முன்னால் பார்க்கட்டும். 1,650 ரூபாயும், வண்டி வாடகையும், வீணான மாவுக்கு 840 ரூபாயும், நின்றுபோன வீடுகளுக்கும் முட்டிக் காயத்துக்கும் சேர்த்து 25,000 ரூபாயும் தாருங்கள். அந்தப் பேட்சை விற்பனையிலிருந்து எடுத்துப் பரிசோதியுங்கள். அந்த வெள்ளிக்கிழமை பேசியவர் என் அப்பாவிடம் நேரிலோ போனிலோ மன்னிப்புக் கேட்க வேண்டும். மற்றதில் முன்னே பின்னே பேசலாம், இதில் மட்டும் பேச்சுக்கு இடம் இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, எனக்கு இரண்டு வாரம் போதும். வக்கீல் வைக்காமல் நானே நின்று பேசலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுவிட்டேன். உடைந்த காலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரம் படாமல், அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன்.

அங்கே வரை போக எனக்கு விருப்பம் இல்லை. நல்ல கேரியர் ஒன்றைத் தந்து, அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டால், நாளைக்கே அந்தப் பெட்டியைத் திரும்ப மாட்டிக்கொண்டு மிதிக்கத் தயாராக இருக்கிறேன். ஓரம் பெயர்ந்ததை அவர் போன வாரமே சரி செய்துவிட்டார்.

இப்படிக்கு,
கன்னங்குறிச்சி மாவுக்கார அம்மா

பி.கு.: போன் செய்வதானால் காலை பதினொரு மணிக்கு மேல் செய்யுங்கள். அதற்கு முன்னால் நான் ரோட்டில் இருப்பேன், இரண்டு கையிலும் கூடை இருக்கும், எடுக்க முடியாது.