‘நோயாளி யாரும் இல்லை’ என்ற அறிக்கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தட்டம்மை ஒழிப்பு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, தடுப்பூசியைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்த வேலையிலேயே காலம் கழித்த சுகாதார ஆய்வாளன் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்தியாவும் அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றது என்று 2014 மார்ச் 27 அன்று சான்று கிடைத்தது, நோயாளி யாரும் இல்லை என்று நாங்கள் எழுதி அனுப்பியதால் மட்டும் அல்ல. 15 வயதுக்குட்பட்ட பிள்ளை எதற்காவது திடீரெனக் கை கால் துவண்டு விழுந்தால், 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் சேகரித்து, ஐஸ் வைத்த பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். பெட்டி போய்ச் சேரும்போது ஐஸ் மிச்சம் இருந்ததா என்பதைக்கூட அங்கே குறித்துக்கொள்வார்கள். போலியோ அல்லாத காரணத்தால் துவண்டவர்கள், அந்த வயதுப் பிள்ளைகளில் லட்சத்துக்கு ஒருவராவது ஆண்டுதோறும் கண்டறியப்படாத இடத்தில், யாரும் சரியாகத் தேடவில்லை என்றே பொருள்; அங்கே ‘போலியோ இல்லை’ என்ற பேச்சுக்கு மதிப்பில்லை.

2026க்குள் ஒழிக்க இலக்கு வைத்திருக்கும் தட்டம்மைக்கும், அதைப் போலவே தடிப்பு வரும் ரூபெல்லாவுக்கும் கணக்கு இதுதான். காய்ச்சலும் தடிப்புமாக வந்து, இரத்தப் பரிசோதனையில் இவ்விரண்டும் இல்லை என்று தள்ளப்பட்டவர்கள், மக்கள்தொகையில் லட்சத்துக்கு இருவராவது ஆண்டுதோறும் இருக்க வேண்டும். ஆனால் நம் ஊர்களில் அம்மை கண்ட வீட்டார் வாசலில் வேப்பிலை செருகுவார்களே தவிர, ஊசி போடும் இடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிவர மாட்டார்கள். தப்பித் தவறி வந்தாலும், எங்கள் பகுதித் தனியார் கிளினிக் ஒன்றில் ‘வைரல் காய்ச்சல்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். வாரந்தோறும் அங்கிருந்து வந்த தாளில் சுழியம்தான். எனக்கு உண்மையில் தகவல் தந்தவர், தீர்த்தம் வாங்க எந்தெந்த வீட்டார் வந்தார்கள் என்று சொன்ன மாரியம்மன் கோயில் பூசாரி. (அவருக்குச் சம்பளம் கிடையாது, தேநீர் மட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.)

2019இல் தட்டம்மையை ஒழித்ததாகச் சான்று பெற்ற இலங்கையிலேயே 2023இல் அது மீண்டும் பரவியது. ஆகவே, மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தட்டம்மை என்று தங்கள் செய்தியாளர்கள் கேட்கும்போது, எத்தனை பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
ஈரோடு மாவட்டம்.