தேதி தெரிந்த பணம்

அன்புள்ள அம்மிணி,

நேற்று நீ போனில் சொன்னதற்கெல்லாம் நான் "சரி, சரி" என்று மட்டும் சொன்னேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை, கண்ணு. கடன் கணக்கை வாயால் பேசினால் எனக்கு ஓடாது. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பேரேடு எழுதிய கை, எழுதினால்தான் பிடிபடும். இதைத் தம்பி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். பொறுமையாகப் படி.

நீ சொன்னதை இப்படிக் குறித்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் 68,000. செல்போன் செயலிகளில் வாங்கிய இரண்டு கடனில் பாக்கி 31,000. தோழியிடம் கைமாற்று 15,000. கல்விக்கடன் 2,90,000. அதில் நானும் கையெழுத்துப் போட்டவன், அதனால் அது நம் இரண்டு பேர் கடன். மொத்தம் 4,04,000. இன்னும் ஏதாவது சொல்லாமல் விட்டிருந்தால் சொல்லிவிடு. ஒரு கடனை மறைத்துவிட்டு மற்றதுக்கு வழி பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மறைத்த கடன்தான் முதலில் வாசலுக்கு வரும்.

நாலு லட்சம் என்று கூட்டிச் சொன்னால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாக் கடனும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. உன் கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றாய், அதாவது வருடத்துக்கு 42. அந்த 68,000-க்கு ஒரு மாத வட்டி 2,380 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் 2,800-க்குக் கொஞ்சம் மேலே. நீ மாதாமாதம் "மினிமம்" என்று கட்டுகிற 3,400-இல் அசலுக்குப் போவது 600 ரூபாய் கூட இல்லை. அது மட்டுமா, பழைய பாக்கி நிற்கும்வரை அதே கார்டில் புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இப்போதே அந்தக் கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் போடு. கல்விக்கடன் அப்படி இல்லை. தொகை பெரிது, வட்டி பத்து சதவீதத்தை ஒட்டித்தான். பெரிய தொகையைப் பார்த்துப் பயந்து சின்னத் தொகையை வளர விட்டுவிடாதே.

செயலிக் கடனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 20,000 கேட்டாய், கையில் வந்தது 17,600 என்றாய். நம் ஊர்ச் சந்தையில் தண்டல் விடுகிறவர்களை உனக்குத் தெரியும். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுத்துவிட்டு, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வசூலிப்பார்கள். இதுவும் தண்டல்தான், சைக்கிளில் வராமல் செல்போனில் வந்திருக்கிறது. தண்டல்காரரிடமாவது "இன்றைக்குக் கடை திறக்கவில்லை, நாளைக்குச் சேர்த்துத் தருகிறேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். செயலியிடம் யாரிடம் போய்ச் சொல்வது?

அப்புறம், போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவன் எனக்கே போன் செய்தான். உன் பேரைச் சொல்லி, "உங்கள் பெண் எங்களை ஏமாற்றிவிட்டாள்" என்றான். நான் மூன்று கேள்விதான் கேட்டேன். எந்த நிதி நிறுவனத்தின் கடன், கடன் கணக்கு எண் என்ன, உங்களை வசூலுக்கு நியமித்த கடிதம் எங்கே? லைனைத் துண்டித்துவிட்டான். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை போட்டிருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் பாக்கிக்காக யாரையும் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. செயலி உன் போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் எடுக்கவும் கூடாது. கடன் வாங்கியது தப்பில்லை, தவணை தவறியது குற்றமும் இல்லை. இதற்காகப் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும் என்று எவனாவது சொன்னால் அவன் பொய் சொல்கிறான். வருகிற ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்து வை, மெசேஜை அழிக்காதே. முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மெயில் போடு. முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. படத்தை வெட்டி ஒட்டி மிரட்டினால் முப்பது நாளெல்லாம் காத்திருக்காதே, உடனே 1930-க்குக் கூப்பிடு. அது சைபர் குற்றப் பிரிவு எண்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

சங்கத்தில் பயிர்க்கடன் கொடுத்த காலத்தில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்று ஏக்கர் மஞ்சள் போட்டவர் கடன் கட்ட முடியாமல் நிற்பார். அரை ஏக்கரும் இரண்டு மாடும் வைத்திருப்பவர் கெடுவுக்குள் வந்து கட்டிவிட்டு ரசீது வாங்கிப் போவார். மஞ்சள்காரரிடம் சொத்து இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் மஞ்சள் நட்டு, பத்து மாதம் காத்து, வெட்டி, வேக வைத்து, காய வைத்து, மெருகு ஏற்றி, மூட்டை பிடித்த பிறகும் "ஈரோட்டில் விலை ஏறட்டும்" என்று குடோனில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். கெடு தாண்டிவிடும். நேரத்துக்குக் கட்டியிருந்தால் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது, அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும். கெடு தவறியதும் வட்டி வந்து உட்காரும். மாட்டுக்காரருக்கு வாரா வாரம் பால் பட்டுவாடா. தொகை கொஞ்சம்தான், ஆனால் எந்தக் கிழமை கைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். அதை வைத்து அவரால் ஒருவருக்கு வாக்குக் கொடுக்க முடிந்தது.

இப்போது உன் கணக்கைப் பார். உன் தவணைகள் எல்லாம் மாதம் 5-ஆம் தேதி. உன் வருமானம் எப்போது வரும் என்று உனக்கே தெரியாது. அறையிலிருந்தே செய்து கொடுக்கும் வேலைக்கு ஒரு மாதம் 22,000 வருகிறது, அடுத்த மாதம் 4,000 வருகிறது. கணக்கில் பணம் இல்லாத 5-ஆம் தேதி தவணை திரும்புகிறது, வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவன் ஒரு அபராதம். அதைச் சமாளிக்கத்தான் இரண்டாவது செயலிக்குப் போனாய். நீ ஊதாரி என்று சித்தப்பா சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பாத்தியத்துக்குத் தேதி இல்லை, கடனுக்குத் தேதி இருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது.

அதனால்தான் திருப்பூர் வேலையை நீ வேண்டாம் என்று சொன்னதை மறுபடி யோசிக்கச் சொல்கிறேன். பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவு, 16,000 சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ உண்டு. எம்சிஏ படித்துவிட்டு பில் போடுவதா என்று உனக்குக் கசப்பு. இருக்கட்டும். அந்தச் சம்பளம் உன் படிப்புக்கு விலை இல்லை. பிடித்தம் போகக் கையில் 14,000 வரும், 1-ஆம் தேதியோ 7-ஆம் தேதியோ, ஏதாவது ஒரு தேதியில் வரும். சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் நீ இப்போது கொடுப்பது மிச்சம். இங்கிருந்து பஸ்ஸில் போய் வரலாம், அலைச்சல்தான், பொய் சொல்லவில்லை. சென்னையிலேயே இதே மாதிரி மாதச் சம்பளம் கிடைத்தால் அதுவும் சரி. வேலையில் சேர்ந்துவிட்டால் தாம்பரம், கூடுவாஞ்சேரிப் பக்கம், வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசாங்கம் நடத்தும் "தோழி" விடுதியில் இடம் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். எந்த ஊர் என்பது உன் இஷ்டம். மாதச் சம்பளம் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாஃப்ட்வேர் வேலை தேடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தேடு. தவணைப் பயம் இல்லாமல் போய் உட்கார்ந்தால் நேர்முகத் தேர்வில் பேச்சும் வேறு மாதிரி வரும்.

இந்த நிலைமையில் இருப்பவர்களைத் தேடி வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். "டெலிகிராமில் சேருங்கள், வீடியோவுக்கு லைக் போட்டால் தினம் ஆயிரம்" என்பார்கள். "பதிவுக் கட்டணம் 2,000 கட்டினால் ஆர்டர் வரும்" என்பார்கள். இவர்களை நீயே கண்டுபிடித்துவிடுவாய். "உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்" என்று ஒருவன் வருவான், அவன்தான் ஆபத்து. மோசடிப் பணம் உன் கணக்கு வழியாகப் போகும், கணக்கு முடங்கும், கேஸ் உன் பேரில் வரும். எவ்வளவு நெருக்கடி என்றாலும் அந்தப் பக்கம் திரும்பாதே.

கடனை அடைக்கக் கடன் வாங்காதே என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. வட்டி கூடுதலான கடனை வட்டி குறைவான கடனாக மாற்றினால் லாபம், மாற்றிவிட்டுப் பழைய கடனை மறுபடி திறந்தால்தான் நாசம். அம்மாவிடம் பேசிவிட்டேன். அவள்தான் முதலில் சொன்னாள், நான் கேட்கவில்லை. தங்கம் இப்போது விற்கிற விலைக்கு இரண்டு பவுன் வைத்தாலே ஒரு லட்சத்துக்குப் போதும். அவள் பேரில் சங்கத்தில் நகைக்கடன் வைத்து, உன் கார்டையும் இரண்டு செயலியையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். வட்டி கார்டில் ஏறத்தாழ கால்வாசிதான். ஆனால் நகை திரும்பி வர வேண்டும், அதை நீதான் திருப்ப வேண்டும். 14,000-இல் மாதம் 6,000 நகைக்கு, 3,000 கல்விக்கடனுக்கு, பஸ்ஸுக்கு 2,500 என்று போட்டுப் பார்த்தேன். உன் கைச்செலவுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வருடம் முடிகிறபோது வட்டியைக் கட்டி நகையை மறுபடி அடகு வைத்தால், அடுத்த வருடம் பாதியில் முடிந்துவிடும். தேர்தலுக்குத் தேர்தல் நகைக்கடன் தள்ளுபடி வரும் என்று சிலர் சொல்வார்கள். 2021-இல் ஐந்து பவுன் வரைக்கும் வந்தது உண்மை. அதற்கப்புறம் அதையே நம்பி நகையைத் திருப்பாமல் காத்திருந்தவர்களின் நகை ஏலத்துக்கு வந்ததையும் பார்த்தவன் நான்.

தோழியின் 15,000-ஐ நான் கொடுத்துவிடுகிறேன், பால் பணத்தில் சேர்த்தது இருக்கிறது. வட்டி கேட்காத கடன் கடைசிக்குத் தள்ளப்படும், அது ஞாயம் இல்லை. அவளும் சம்பளத்தை நம்பி இருக்கிற பெண்தானே.

கல்விக்கடனுக்கு நாம் இருவரும் கிளைக்குப் போக வேண்டும். தொண்ணூறு நாள் பாக்கி நின்றால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். அதற்கு முன்னால் போய்த் தவணைக் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொல்லி மனு கொடுத்தால் மேலாளரும் கேட்பார். தானாக நேரில் போய் நிற்கும் ஆளை எந்த மேலாளரும் ஓடிப்போகிறவன் கணக்கில் சேர்ப்பதில்லை. எழுத்தில் கொடு, ஒரு நகலில் முத்திரை வாங்கு.

இன்னொன்று. கார்டுக்காரர்கள் "40,000 கட்டுங்கள், செட்டில் செய்துவிடலாம்" என்று கூப்பிடலாம். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உன் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "முழுதும் அடைத்தது" என்று வராது, "செட்டில்" என்று வரும், பல வருடம் நிற்கும். நீ வங்கித் தேர்வு எழுதப் போகிறேன் என்கிறாய். பொதுத்துறை வங்கிகளில் இப்போது கடன் வரலாறும் பார்க்கிறார்கள். கடன் வரலாற்றில் தவணை தவறியது பதிவாகியிருந்த ஒருவருக்குக் கொடுத்த நியமனத்தை ஸ்டேட் பாங்க் ரத்து செய்தது சரிதான் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. கடன் இருந்தால் வேலை கிடைக்காது, வேலை கிடைக்காவிட்டால் கடன் எப்படி அடையும் என்று கேட்பாய். எனக்கும் அது முரணாகத்தான் படுகிறது. விதி அப்படி இருக்கிறபோது நாம் முழுசாக அடைத்து "பாக்கி இல்லை" என்ற கடிதம் வாங்குவதுதான் வழி. உன் அறிக்கையை வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாகவே எடுக்கலாம், இந்த வாரம் எடுத்து அனுப்பு. நீ வாங்காத கடன் ஏதாவது அதில் இருக்கிறதா என்றும் பார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை காலை வந்துவிடலாம். சனிக்கிழமை சங்கம் உண்டு, அம்மா பேரில் கடன் என்பதால் அவள் நேரில் வர வேண்டும், வருகிறாள். நீ வரும்போது கார்டு ஸ்டேட்மென்ட், இரண்டு செயலியின் கடன் விவரம், கல்விக்கடன் பாஸ்புக், மூன்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வா. செயலியில் எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று இன்றைக்கே எழுத்தில் கேட்டு வாங்கிவிடு. திருப்பூர் கம்பெனிக்குத் திங்கட்கிழமை வரை பதில் சொல்ல நேரம் இருக்கிறது என்றுதானே சொன்னாய்?

இப்படிக்கு,
அப்பா